பெயரில்லாத டப்பாவில் வரும் சிவப்பழகு கிரீம்: என் மகளுக்கு நடந்தது

போன வருஷம் ஆவணியில் என் மகளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தோம். ஜாதகத்தோடு கொடுக்கும் பயோடேட்டாவில் 'நிறம்: மாநிறம்' என்று எழுதியிருந்தேன். தரகர் பார்த்துவிட்டு, "மாநிறம்னு போட்டாலே கறுப்புன்னுதான் எடுத்துக்குவாங்கம்மா" என்றார். இரண்டு இடத்தில் போட்டோ வாங்கியவர்கள் பதிலே சொல்லவில்லை. மூன்றாவதாக வந்த பையனின் அம்மா என் காதுபடவே, "பொண்ணு லட்சணம்தான், இன்னும் கொஞ்சம் கலர் இருந்தா நல்லாருக்கும்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டுத்தான் மகளைப் பார்லருக்கு அழைத்துப் போனேன். அவள் கேட்கவே இல்லை. நான்தான் கூட்டிப் போனேன்.

பார்லர் நடத்தும் பெண் பல வருஷப் பழக்கம். "ஃபேஷியல் எல்லாம் ரெண்டு நாளைக்குத்தான்க்கா. இது நைட் கிரீம், கல்யாணப் பொண்ணுங்க எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க" என்று ஒரு சின்ன வெள்ளை டப்பாவை எடுத்து வைத்தாள். மூடியில் ஒரு ரோஜாப் படம், வேறு எழுத்தே கிடையாது. 650 ரூபாய். பில் கேட்டதற்கு, "நாங்களே கலந்து குடுக்கிறது, பில் எதுக்குக்கா" என்றாள். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னாள்: "போடும்போது மோதிரம், செயின், கம்மல் எல்லாம் கழட்டி வச்சிடச் சொல்லுங்க. தங்கத்துல பட்டா நிறம் மாறிடும்." நகைமேல் அக்கறையாகச் சொல்கிறாள் என்றுதான் அன்று நினைத்தேன்.

ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. இருந்த பருவும் அடங்கியது. பக்கத்து வீட்டு அக்கா, "என்ன போடுற பாப்பா?" என்று கேட்க, பார்லர் நம்பரை நானே எழுதிக் கொடுத்தேன். அப்புறம் மாதம் ஒரு டப்பா.

ஐந்தாவது மாதம் வெயிலில் போனால் முகம் எரிகிறது என்றாள். கன்னத்தில் சிவப்பு நூல் ஓடியதுபோல் நரம்புகள் தெரிந்தன. அடங்கிய பரு கொத்துக் கொத்தாக வந்தது, தாடையில் பூனைமுடி வளர்ந்தது. பயந்து கிரீமை நிறுத்தினோம். மூன்றாம் நாள் முகம் தக்காளிபோல் சிவந்து வீங்கிவிட்டது. மறுபடி போட்டால் அடங்குகிறது, விட்டால் கிளம்புகிறது. பார்லரில் கேட்டால், "உள்ள இருக்கிற அழுக்கு வெளிய வருதுக்கா, விடாம போடுங்க" என்கிறாள். அதோடு குளுட்டாதயோன் ஊசி போட்டால் உடம்பு முழுக்க நிறம் வரும், ஒரு தடவைக்கு 5000 ரூபாய் என்றாள். நிறம் கூட்டுவதற்கென்று அந்த ஊசிக்கு நம் நாட்டில் அனுமதியே கிடையாது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அன்று கையில் பணமில்லாததால் தப்பித்தோம்.

அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் இருந்த டாக்டரம்மா, முகத்தைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "எத்தனை மாசமா கிரீம் போடுறே?" என்பதுதான். ஸ்டீராய்டு என்றார். அது ரத்தக் குழாயைச் சுருக்கி, வீக்கத்தை அமுக்கி, நிறமியையும் குறைப்பதால் நாலு நாளில் முகம் வெளுத்து மின்னும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, அடியில் இருக்கும் குழாய்கள் வெளியே தெரியும். பிறகு தோல் அதற்கு அடிமையாகிவிடும். இப்படி வருபவர்கள் அதிகமாகி, இதற்கென்றே தனிப் பெயர் வைத்திருக்கிறார்களாம்: ஸ்டீராய்டால் சேதமான முகம்.

அப்புறம் கேட்டார், "நகையில படாம போடச் சொன்னாங்களா?" ஆமாம் என்றதும் சிறுநீர் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. தங்கம், வெள்ளியில் படக்கூடாது என்று சொல்லப்படும் கிரீமில் பாதரசம் இருக்க வாய்ப்பு அதிகமாம். பாதரசம், தோலுக்கு நிறம் தரும் மெலனின் உண்டாவதைத் தடுக்கும், தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 முதல் 2023 வரை, சிறுநீரில் புரதம் போகும் ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரில் 15 பேருக்கு அபூர்வமான ஒரே வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் போட்டவர்கள். என் மகளுக்குப் புரதம் போகவில்லை. அந்த ரிப்போர்ட் வரும்வரை அன்று நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

வாங்கும்முன் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். தயாரித்தவர் பெயர், முகவரி, உரிம எண் எல்லாம் இருந்தே ஆகவேண்டும், அது சட்டம். பேட்ச் எண், சேர்மானப் பட்டியல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பாதரசம் தற்செயலாகக் கலந்தால்கூட கிலோவுக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பட்டியலில் மெர்குரி, கலோமெல் என்று பாதரசத்தைக் குறிக்கும் பெயர் எது இருந்தாலும் அங்கேயே வைத்துவிடுங்கள். மெடிக்கல் ஷாப் டியூபிலும் ஏமாறாதீர்கள். குளோபெட்டசோல், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் எல்லாம் ஸ்டீராய்டு. இவற்றை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது, ஆனாலும் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிறார்கள். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாமல், டப்பாவோடு தோல் டாக்டரிடம் போங்கள். நாங்கள் காலி டப்பாக்களை எறிந்துவிட்டோம். பில்லும் இல்லை. பார்லருக்குப் போய்க் கேட்டபோது, "நான் குடுத்ததுன்னு என்ன ஆதாரம்?" என்று அதே பெண் கேட்டாள். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஒரு பிரபல சிவப்பழகு கிரீம் 1975-இல் வந்து, 2020-இல் பெயரில் இருந்த 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. அதே வருஷம் ஒரு திருமணத் தளமும் நிறத்தை வைத்துத் தேடும் வசதியை நீக்கியது. தரகர் நோட்டில் அந்தக் கட்டம் அப்படியேதான் இருக்கிறது. "கறுப்பே அழகு, காந்தலே ருசி" என்று சொல்லி வளர்த்த என் அம்மாவின் பேத்தி, எட்டு மாதமாக வைத்தியம் பார்த்தும், "என் முகத்தைத் தொடவே பயமா இருக்கும்மா" என்கிறாள். எரிச்சல் குறைந்திருக்கிறது. சிவப்பு நூல்கள் முழுதாகப் போகும் என்று டாக்டரம்மா உறுதி சொல்லவில்லை.

நான் நம்பர் கொடுத்தேனே, அந்தப் பக்கத்து வீட்டு அக்காவின் மகள் இன்னும் அதே டப்பாவைத்தான் வாங்குகிறாள். கார்த்திகையில் கல்யாணம், அதுவரை போட்டுக்கொள்கிறேன் என்கிறாள். இரண்டு தடவை போய்ச் சொல்லிவிட்டேன். நாளைக்கு என் மகளையும் கூட்டிக்கொண்டு மறுபடி போகிறேன்.