ஆண்டறிக்கை படிக்க எந்தச் சொற்பட்டியல்: வேடரா, லாஃப்ரன்–மெக்டொனால்டா?

இந்தியக் கம்பெனிகளின் ஆங்கில ஆண்டறிக்கைகளில் தொனி ஏறுகிறதா, இறங்குகிறதா என்று நிரல் எழுதிக் கணக்கெடுப்பது என் வேலை. முதலில் எடுத்தது வேடர் (VADER): ஆங்கிலச் சொற்களுக்கு நல்லது, கெட்டது என்று மதிப்பெண் போட்டுத் தொனியைக் கணிக்கும் சொற்பட்டியல். சமூக ஊடகப் பதிவுகளுக்காக 2014இல் வந்தது. சுமார் 7,500 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் மைனஸ் 4 முதல் பிளஸ் 4 வரை மதிப்பெண். இலவசம், நிறுவுவதும் சுலபம். நிதித்துறைக்கு ஏற்ற மாதிரி கொஞ்சம் திருத்திக்கொண்டால் போதும் என்று நினைத்தேன். இப்போது, நிதித்துறைக்கென்றே இரண்டு ஆய்வாளர்கள் உருவாக்கிய லாஃப்ரன்–மெக்டொனால்ட் பட்டியலுக்கு முழுதாக மாறிவிட்டேன்.

'கிராஸ்' (gross) என்ற ஒரு சொல்லைப் பாருங்கள். வேடருக்கு அது அருவருப்பு; எதிர்மறை மதிப்பெண். ஆண்டறிக்கையில் அதற்கு 'மொத்தம்' என்றுதான் பொருள். கிராஸ் பிராஃபிட் என்று லாபத்தைச் சொன்னாலும் மதிப்பெண் இறங்கும். 'இன்ட்ரஸ்ட்', 'ஷேர்' இரண்டும் அதற்கு நல்ல சொற்கள்: ஆர்வம், பகிர்தல். நமக்கோ வட்டி, பங்கு. வட்டிச் செலவு எகிறியதை நாலு பத்திக்கு விளக்கிய ஒரு கம்பெனிக்கு மதிப்பெண் கூடியே வந்தது.

சரி, அந்தச் சொற்களை நீக்கிவிடலாமே? நீக்கினேன். பராமரிப்பு கழுத்தைப் பிடித்தது அங்கேதான். 'இன்ட்ரஸ்ட்'டை எடுத்தால், வாடிக்கையாளர்கள் ஆர்வம் காட்டினார்கள் என்ற வரி ஊமையாகிறது. வைத்தால் வட்டி உள்ளே வருகிறது. பக்கத்துச் சொல்லைப் பார்த்து முடிவெடுக்க ஒரு விதி எழுதினேன். அதற்கு ஒரு விலக்கு, அப்புறம் அந்த விலக்குக்கும் ஒரு விலக்கு. ஆறு மாதத்தில் எதை ஏன் எடுத்தோம் என்று குழுவில் யாருக்கும் நினைவில்லை. புதிதாகச் சேர்ந்தவர், தவறி விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து 'கிராஸ்'ஸைத் திரும்பச் சேர்த்துவிட்டார். அந்தக் காலாண்டு முழுவதையும் மறுபடி ஓட்டினோம்.

லாஃப்ரனும் மெக்டொனால்டும் அமெரிக்கக் கம்பெனிகள் தாக்கல் செய்யும் 10-கே என்ற ஆண்டறிக்கைகளையே வைத்துப் பட்டியல் போட்டார்கள். ஹார்வர்டு பொது அகராதி எதிர்மறை என்று எண்ணிய சொற்களில் ஏறக்குறைய முக்கால்வாசி நிதித்துறையில் எதிர்மறையே இல்லை என்று 2011இல் காட்டியவர்கள் இவர்கள். வரி, செலவு, மூலதனம் எல்லாம் அந்தக் கணக்கில் சேர்ந்திருந்தன. நிச்சயமின்மைக்கும் வழக்குக்கும் தனிப் பட்டியல்கள் உண்டு. முக்கியமாக, அவர்களே அவ்வப்போது புதுப்பிக்கிறார்கள். அந்தச் சுமை என் தலையில் இல்லை.

குறையும் உண்டு. வணிகப் பயன்பாட்டுக்கு உரிமம் வாங்க வேண்டும். சொற்களுக்கு எடை கிடையாது. சின்னச் சறுக்கலும் பெரிய மோசடியும் ஒன்றாகவே எண்ணப்படும். கம்பெனிகள் முதலீட்டாளர்களோடு பேசும் தொலைபேசி அழைப்புகளின் எழுத்துவடிவத்தில் கொஞ்சம்தான் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அங்கே பேச்சுநடை அதிகம் என்பதால் அடித்துச் சொல்ல மாட்டேன். பங்குகளைப் பற்றிய சமூக ஊடகப் பதிவுகள் என்றால் இன்றும் வேடரைத்தான் எடுப்பேன்.

அமெரிக்கப் பட்டியலுக்கும் நம் ஊர்த் திருத்தம் தேவைதான். 'ஸ்லம்ப்' என்ற சொல்லை எதிர்மறையாக எண்ணினால், 'ஸ்லம்ப் சேல்' என்பதை விலக்கியாக வேண்டும்; அது விற்பனைச் சரிவு இல்லை, ஒரு தொழில் பிரிவை ஒட்டுமொத்தத் தொகைக்கு விற்பதற்கு நம் வருமானவரிச் சட்டத்தில் உள்ள பெயர். இப்படி நான் சேர்த்தவை இதுவரை நாற்பதைத் தாண்டவில்லை. ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்த அறிக்கை, எந்தப் பக்கம், ஏன் என்று எழுதி வைத்திருக்கிறேன்.