எரிகல்லா, எரிந்து விழும் செயற்கைக்கோளா: சிக்னலை எதில் மோத விடுவது?

1958 ஜனவரியில் ஸ்புட்னிக்-1 காற்றுமண்டலத்தில் விழுந்து எரிந்தது. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியரான ஜான் கிராஸ், மேரிலாண்டிலிருந்து வந்த சரியான நேரத்தை ஒலிபரப்பும் டபிள்யூடபிள்யூவி வானொலி நிலையத்தின் 20 மெகாஹெர்ட்ஸ் சிக்னலை அந்த நாட்களில் கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் ஒரு ஹாம்தான், அதாவது பொழுதுபோக்காக வானொலித் தொடர்பு கொள்பவர்; அவருடைய கால்சைன் (அடையாள அழைப்புக் குறி) டபிள்யூ8ஜேகே. அலைவரிசை அடங்கிக் கிடக்க வேண்டிய நேரத்தில் சிக்னல் திடீர் திடீரென்று எழும்பியது. ஸ்புட்னிக் கடக்கும்போது உண்டாகும் அயனித் தடத்தில் (எலக்ட்ரான் பிய்ந்து மின்னேற்றம் பெற்ற காற்றில்) பட்டுத்தான் அது வருகிறது என்பது அவர் முடிவு.

விண்வெளியிலிருந்து விழும் பொருளின் தடத்தை வைத்து நாமும் ஒரு தொடர்பு போட்டுப் பார்த்தால் என்ன என்று இதைப் படிக்கும் எந்த ஹாமுக்கும் தோன்றும். ஆனால் அதே வேலையை எரிகற்கள் தினமும் செய்துகொண்டிருக்கின்றன. டெல்லி அகில இந்திய வானொலியைச் சேர்ந்த சமன்லாலும் வெங்கட்ராமனும், சிற்றலை ரிசீவரில் கேட்ட விசில் சத்தங்களுக்கு எரிகற்களே காரணம் என்று 1941-லேயே எழுதிவிட்டார்கள்.

முதலில் வேகத்தைப் பார்ப்போம், எல்லாம் அதில்தான் இருக்கிறது. தாழ்வட்டப் பாதையிலிருந்து விழும் செயற்கைக்கோள் விநாடிக்கு 7.8 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. ஆகஸ்டில் வரும் பெர்சீட் எரிகல்லுக்கு 59 கிலோமீட்டர். வேகத்தின் வர்க்கத்தில் ஆற்றல் கூடும் என்பதால், கிராமுக்குக் கிராம் பார்த்தால் பெர்சீடிடம் 50 மடங்குக்கு மேல் ஆற்றல் இருக்கிறது. அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்க இந்த வேகம்தான் வேண்டும். அதனால் மணல் பருமன் தூசிகூட 100 கிலோமீட்டர் உயரத்தில் நல்ல தடம் போட்டுவிடும். செயற்கைக்கோளுக்கு இருக்கும் ஒரே பலம் அதன் எடை. பல நூறு கிலோ எரியும்போது, வேகத்தில் விட்டதை ஓரளவு பிடித்துவிடலாம். ஸ்டார்டஸ்ட் விண்கலத்தின் கலன் போன்றவை விதிவிலக்கு. 2006-இல் அது வால்வெள்ளித் தூசியுடன் யூட்டாவில் இறங்கியபோது வேகம் விநாடிக்கு 12.9 கிலோமீட்டர், கிட்டத்தட்ட மெதுவான எரிகல் அளவு. ஆனால் அப்படி ஒன்று எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை வரும்?

அடுத்தது நேரம். என் கணக்கில் செயற்கைக்கோள் தோற்பது இங்கேதான். கட்டுப்பாடின்றி விழும் ஒரு பொருளின் நேரக் கணிப்பு ஒரு மணி நேரம் தப்பினால், இடம் 28,000 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும், அதாவது பூமியைச் சுற்றி முக்கால் வட்டத்துக்குக் கொஞ்சம் குறைவு. சரி, கட்டுப்பாட்டோடு இறக்குவதைப் பிடிக்கலாமா என்றால், புரோகிரஸ் போன்ற சரக்குக் கலங்களைத் தென் பசிபிக்கில் ஆளில்லாத கடலாகப் பார்த்துத்தான் இறக்குகிறார்கள். அங்கே ஹாமும் இல்லை. எரிகற்களுக்கோ நாள்காட்டியே உண்டு: ஜனவரி 3, 4-இல் குவாட்ரன்டிட், ஆகஸ்ட் 12, 13-இல் பெர்சீட், டிசம்பர் 13, 14-இல் ஜெமினிட். இப்படி எரிகல் மழை இல்லாத நாளிலும் விடிகாலையில் எழுந்து உட்கார்ந்தால் போதும். அந்த நேரத்தில் நாம் இருக்கும் பக்கம்தான் பூமி ஓடும் திசையைப் பார்த்து நிற்கும், தூசி தானாக வந்து மோதும்.

எட்டும் தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலும் உச்சம் 2,000 கிலோமீட்டர் பக்கம். சிக்னலை விமானத்தில் மோத விடுவதையும் சிலர் சொல்வார்கள். அதன் உயரம் 10 கிலோமீட்டர்தான் என்பதால் 800-க்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

கேட்கும் அனுபவம் ரொம்பவே வேறு. 50 மெகாஹெர்ட்ஸில் எம்எஸ்கே144 (எரிகல் தொடர்புக்கான கணினி வழி டிஜிட்டல் முறை) ஓடும்போது 15 விநாடி நாம் அனுப்புகிறோம், 15 விநாடி காத்திருக்கிறோம். இரைச்சலுக்கு நடுவே ஒரு சின்ன ‘பிங்’. சிக்னலைப் படமாகக் காட்டும் வாட்டர்ஃபால் திரையில் ஒரு கீற்று வெளுத்து மறைவதற்குள் எதிர்முனையின் கால்சைன் திரையில் வந்து நிற்கும். ஒரு முழுச் செய்திக்கு 72 மில்லிவிநாடி போதும் என்பதால்தான் இது நடக்கிறது. 144 மெகாஹெர்ட்ஸில் தடம் சுமார் எட்டில் ஒரு பங்கு நேரமே தாங்கும், ஆகவே புதியவர்கள் 50-இல் தொடங்குவது நல்லது. செயற்கைக்கோள் இப்படிச் சிதறிச் சிதறி வராது. 1,000 கிலோமீட்டர் வானத்தைக் கடக்க அதற்கு இரண்டு நிமிடத்துக்கும் மேல் ஆகும். தடம் நன்றாக அமைந்தால் குரலிலேயே பேசி முடித்துவிடலாம், அந்த ஆசையை நான் மறுக்க மாட்டேன்.

ஆனாலும் ஆன்டெனாவும் உழைப்பும் எரிகல்லுக்கே போகட்டும் என்பேன். உங்கள் தலைக்கு மேல் ஏதோ விழப்போகிறது என்று சேதி வந்தால், அன்றைக்கு மட்டும் அனுப்புவதை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு 143.050 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோள்களைக் கண்காணிக்கும் பிரான்ஸின் கிரேவ்ஸ் ராடார் இருக்கிறது. மற்றவர்கள் தொலைவில் எப்போதும் ஒலிக்கும் ஒரு நிலையத்தின் கேரியரை (இடைவிடாத அடிப்படை அலையை) பிடித்துக்கொள்ளலாம். உலோகத்தில் நேராகப் பட்டு வந்தால் டாப்ளர் விளைவால், அதாவது பொருள் நகர்வதால் அலைவெண் மாறி, தொனி சரிந்துகொண்டே போகும். தடத்தில் பட்டு வந்தால் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். அப்புறம், முந்தைய நாளும் அதே மணி நேரத்தைப் பதிவு செய்து வையுங்கள். அதில் எத்தனை பிங் இருந்தது என்று தெரிந்தால்தான், இன்றைக்குக் கேட்டது எரிகல்லா செயற்கைக்கோளா என்று சொல்ல முடியும்.