கீச்சிடும் டிஸ்க் பிரேக்: உப்புத்தாளா, கிரீஸா, புதுப் பேடா?

மூன்று வாரமாக என் காரின் முன் இடது சக்கரம் கீச்சென்று கத்திக்கொண்டே இருந்தது. எங்கள் கோத்தகிரிப் பக்கம் அரவேணு பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம். பிரேக் நன்றாகத்தான் பிடித்தது, ஆனால் மானம் போனது. (டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டு, பிரேக் மிதித்தால் அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற கட்டைகள்தான் பேடு.) ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். குன்னூரில் இருக்கிற மச்சினன், “உப்புத்தாள் போட்டு நாலு இழு இழுங்க மாமா, சரியாயிடும்” என்றான். எதிர்வீட்டு எஸ்டேட் டிரைவர் அண்ணன், “பேடுக்குப் பின்னாடி கிரீஸ் தடவணும் தம்பி, பசங்க தடவாம விட்டிருப்பாங்க” என்றார். மேட்டுப்பாளையத்து ஸ்பேர்ஸ் கடையில், “செராமிக் பேடு போட்ருங்க சார், சத்தமே வராது.”

மூன்றையும் பார்த்துவிட்டேன். இரண்டை என் காரில், மூன்றாவதை மச்சினன் காரில். என் கணக்குப்படி இந்தப் போட்டியில் ஜெயித்தது கிரீஸ் அண்ணன்தான், ஆனால் அவர் சொன்ன காரணத்துக்காக இல்லை. இன்னொன்றும் புரிந்தது: சத்தமே போடாத பேடு மலைக்கு நல்ல பேடு என்று அர்த்தமில்லை.

முதலில் எந்தச் சத்தம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் எந்த வைத்தியமும் குருட்டு வைத்தியம். காலையில் மூடுபனியில் நின்ற வண்டியை எடுத்ததும் முதல் இரண்டு மூன்று பிரேக்குக்கு மட்டும் கரகரவென்று வந்து அடங்கினால், அது டிஸ்க்கில் ராத்திரி ஏறிய மெல்லிய துரு. டிஸ்க் வார்ப்பிரும்பு, எங்கள் ஊர் ஈரத்துக்கு ஒரு ராத்திரி போதும் மேலே செம்மண் பூசினாற்போல ஆக. அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம். மெதுவாகப் போகும்போது லேசாக பிரேக்கில் கால் வைத்தால் மட்டும் கீச்சென்றால், பேடு மெழுகினதுபோல் பளபளத்துப் போயிருக்கும், அல்லது பேடும் அதைத் தாங்கி அழுத்துகிற காலிப்பரும் தொடுகிற இடம் காய்ந்து அதிரும். பிரேக் தொடாமலே சக்கரம் சுற்றச் சுற்ற கீச்சிட்டு, மிதித்தால் சத்தம் நின்றால், பெரும்பாலும் பேடில் இருக்கிற எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கை உரசுகிறது, பேடு தீர்ந்துவிட்டது என்று பொருள். திடீரென்று ஒரு நாள் தகரத்தை இழுக்கிற மாதிரி விடாமல் சத்தம் வந்தால், டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கிற தகரக் கவசத்தில் ஜல்லி சிக்கியிருக்கலாம். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் விழுந்துவிடும், ஐந்து நிமிட வேலை. இரும்போடு இரும்பு அரைக்கிற சத்தம் வந்து பெடலில் காலுக்கே அது தெரிந்தால், இந்தக் கட்டுரையை மூடிவிட்டு வண்டியை நிறுத்துங்கள். அந்த நிலையில் மலை இறங்கக் கூடாது.

எந்தச் சக்கரம் என்று கண்டுபிடிக்க மலைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. சாலையின் இடது பக்கம் பாறை வெட்டோ தடுப்புச் சுவரோ வருகிற இடத்தில் இடது கண்ணாடியை இறக்கிவிட்டு, மெதுவாகப் போய் லேசாக பிரேக் தொட்டால், சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்து காட்டிக்கொடுக்கும். சமவெளிக்காரர்கள் இதற்காகக் காம்பவுண்டு சுவர் தேடி அலைய வேண்டும்.

சரி, உப்புத்தாள். 120 நம்பர் தாள் ஒன்று டீக்காசு விலைதான். பேடைக் கழற்றி, தட்டையான இடத்தில் தாளை விரித்து, பேடை அதன்மேல் வைத்து எட்டு மாதிரி சுற்றித் தேய்த்தால் பளபளப்பு போய் மங்கலான சாம்பல் நிறம் வரும். டிஸ்க்கையும் குறுக்கும் நெடுக்குமாக லேசாகத் தேய்க்கலாம். முகக்கவசம் போட்டுக்கொண்டு செய்யுங்கள், பொடியை வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். அந்தப் பொடியில் என்னென்ன கலந்திருக்கிறதோ, மூக்குக்குள் போகத் தேவையில்லை. செய்து முடித்ததும் வண்டி அமைதியாகிவிட்டது, எனக்கும் பெரிய மெக்கானிக் ஆன நினைப்பு. பத்தே நாள். பதினோராம் நாள் மேட்டுப்பாளையம் சாலையில் குஞ்சப்பனை தாண்டும்போது பழைய பாட்டையே மறுபடி ஆரம்பித்தது.

ஏன் என்று பார்த்தால், பேடு தானாகப் பளபளப்பாவதில்லை, சூட்டில்தான் ஆகிறது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், இறக்கம் ஏறத்தாழ 1500 மீட்டர். ஒரு டன் எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கினால் வெளியாகிற சக்தி சுமார் 4 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். காற்றும் இன்ஜினும் வாங்கிக்கொண்டது போக மிச்சமெல்லாம் பிரேக்கில் சூடாகத்தான் போக வேண்டும். இரண்டாவது கியரில் இறங்கினால் பெரும்பங்கை இன்ஜின் ஏற்றுக்கொள்ளும். நாலாவது கியரில், பிரேக்கில் கால் வைத்தபடியே இறங்குகிறவருக்கு எந்த உப்புத்தாளும் ஒரு மாதம் தாண்டாது. நியூட்ரலில் இறங்கிப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறவர்களைப் பற்றி நான் எழுதினால் கெட்ட வார்த்தைதான் வரும்.

ஆனால் நான் இரண்டாவது கியர்க்காரன். அதனால்தான் சந்தேகம் வந்தது. மறுபடி கழற்றினேன்.

கழற்றுகிற முறையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், எங்கள் ஊரில் சமமான இடம் கிடைப்பதே பாதி வேலை. சரிவில் ஜாக்கி போடவே கூடாது. நான் பக்கத்துத் தெரு கோயில் முன்னாலுள்ள சிமெண்ட் தரையில் செய்தேன். ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கல் கொடுத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை லேசாகத் தளர்த்தி, அப்புறம்தான் தூக்கினேன். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது, ஸ்டாண்டு வேண்டும். இல்லையென்றால் ஸ்டெப்னியையாவது வண்டிக்கு அடியில் தள்ளி வையுங்கள். காலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றினால் பல கார்களில் காலிப்பர் மேல்பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். முழுதாகக் கழற்றினால் பிரேக் ஹோஸில் தொங்க விடாமல் கம்பியால் சஸ்பென்ஷன் சுருளில் கட்டிவிடுங்கள்.

இரண்டு பேடையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. வெளிப்பேடில் 7 மில்லி மிச்சம், உள்பேடில் 4 கூட இல்லை, அதுவும் ஒரு ஓரம் சாய்வாகத் தேய்ந்திருந்தது. முதல் தடவையே இதைப் பார்த்திருக்க வேண்டும், தேய்க்கிற அவசரத்தில் கவனிக்கவில்லை. உள்பேடு மட்டும் இப்படித் தேய்ந்தால் காலிப்பர் நகரவில்லை என்று பொருள். காலிப்பர் இரண்டு ஸ்லைடர் பின்களில் முன்னும் பின்னும் நகர்ந்தால்தான் வெளிப்பேடும் சமமாக அழுத்தும், விட்டதும் இரண்டும் விலகும். என் காரில் மேல்பின் விரலால் இழுத்தாலே வந்தது. கீழ்பின்னை இடுக்கியால் பிடித்துத் திருகித் திருகி எடுக்க வேண்டியிருந்தது. வெளியே வந்ததைப் பார்த்தால் பழைய கிரீஸ் காய்ந்து வெல்லப்பாகு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது, ரப்பர் உறையின் ஓரத்தில் ஒரு சின்னக் கிழிசல், அது வழியாகத் தண்ணீர் போய்த் துருவும் பிடித்திருந்தது. பேடின் காது உட்காருகிற ஸ்டீல் கிளிப் நாலில் ஒன்றைக் காணோம். ஆறு மாதம் முன்பு கீழே ஒரு ஒர்க்‌ஷாப்பில் பேடு மாற்றினேன், அப்போதே விட்டிருப்பார்கள். கேட்டால் “அது தேவையில்லை சார்” என்பார்கள் என்று தெரியும், கேட்கவில்லை.

ஆக, எதிர்வீட்டு அண்ணன் சொன்ன கிரீஸ்தான் மருந்து. பூச வேண்டிய முதல் இடம் மட்டும் பேடின் முதுகு இல்லை, ஸ்லைடர் பின். அந்தப் பின்னைப் பிரேக் கிளீனர் ஸ்ப்ரேயால் கழுவி, துருவைச் சுரண்டி, புது ரப்பர் உறை போட்டு, சிலிகான் பிரேக் கிரீஸ் மெல்லிசாகப் பூசி மாட்டினேன். பேடின் காது உட்காருகிற இடத்தை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, புதுக் கிளிப் செட் போட்டு, காதிலும் முதுகில் அதைத் தள்ளுகிற பிஸ்டன் தொடுகிற வட்டத்திலும் மட்டும் ஒரு கடுகளவு. அவ்வளவுதான். அடை தட்டுகிற மாதிரி அப்பினால் சூட்டில் உருகி டிஸ்க்குக்கு வரும், அப்புறம் கீச்சுச் சத்தம் இருக்காது, பிரேக்கும் இருக்காது.

எந்த கிரீஸ் என்பதிலும் ஒரு சண்டை உண்டு. வீட்டில் இருக்கிற சேஸிஸ் கிரீஸ் வேண்டவே வேண்டாம். அது பெட்ரோலிய எண்ணெய், பிரேக்கில் உள்ள ரப்பரை ஊற வைத்து வீங்கச் செய்யும், பின் இன்னும் இறுகும். காப்பர் கிரீஸ் பேடின் முதுகுக்குச் சரி, சூடு தாங்கும், ஆனால் ரப்பர் உறைக்குள் போகிற பின்னுக்கு வேண்டாம். சிலிகான் அல்லது செராமிக் பிரேக் கிரீஸ் ஒரு சின்ன பாக்கெட் வாங்கினால் இரண்டு இடத்துக்கும் ஆகும். துரு இளக்குகிற ஸ்ப்ரேயை டிஸ்க் பக்கம் கொண்டே போகாதீர்கள். மச்சினன் ஒரு முறை பைக்கில் அடித்தான், சத்தம் நின்றது, எதிரில் வந்த மாடும் அவனும் ஒருவரையொருவர் ரொம்பப் பக்கத்தில் பார்த்துக்கொண்டார்கள். எண்ணெய் குடித்த பேடைக் குப்பையில்தான் போட வேண்டும், அடுப்பில் சுட்டு எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இனி மூன்றாவது கட்சி, புதுப் பேடு. உள்பேடு 4 மில்லிக்குக் கீழே போய்விட்டதால் எப்படியும் மாற்ற வேண்டியிருந்தது. பொதுவாக 3 மில்லி என்பது கடைசி வரம்பு, மலையில் அதுவரை காத்திருப்பதை நான் விரும்பவில்லை. மாற்றினால் வலது இடது இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்துத்தான்.

கடையில் மூன்று வகை கிடைக்கும். ஆர்கானிக் பேடு மென்மை, சத்தம் குறைவு, டிஸ்க்கைத் தின்னாது, விலையும் குறைவு. டவுனுக்குள் ஓடுகிற வண்டிக்கு அதுவே போதும், நீண்ட இறக்கச் சூட்டில்தான் பிடி தளரும். செராமிக் பேடு மச்சினன் காரில் இருக்கிறது, உண்மையிலேயே அமைதி, சக்கரத்தில் கரிப்பொடியும் இல்லை. காலையில் குன்னூர்க் குளிரில் முதல் மிதிக்குக் கொஞ்சம் யோசித்துப் பிடிக்கிறது, விலை அதிகம். ஆள் ஏற்றிக்கொண்டு பர்லியார் வரை இறங்கிப் பார்த்தேன், நிற்கத்தான் செய்தது, ஆனால் என் காலுக்கு நம்பிக்கை வரவில்லை. செமி மெட்டாலிக்கில் இரும்புத் துகள் கலந்திருப்பதால் சூட்டைக் கடத்திவிடும், தொடர்ந்து மிதித்தாலும் பிடி குறைவது மெதுவாகத்தான். பதிலுக்குக் கொஞ்சம் முனகும், டிஸ்க்கையும் கூடுதலாகத் தேய்க்கும். மலை இறங்குகிறவனுக்கு நான் இதைத்தான் சொல்வேன். வாரம் ஒரு முறைதான் கீழே போவேன், மீதி நாள் கோத்தகிரிக்குள்ளேதான் என்றால் செராமிக் எடுத்துக்கொள்ளுங்கள், மச்சினனும் சந்தோஷப்படுவான்.

செமி மெட்டாலிக் போடுகிறவர்கள் பிரேக் ஆயிலையும் பார்க்க வேண்டும். கடத்திய சூடு ஒரு பங்கு பிஸ்டன் வழியாக ஆயிலுக்குத்தான் போகிறது. டாட் 3 (DOT 3) என்கிற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, டாட் 4 என்றால் 230. ஈரத்தை உறிஞ்சிய பிறகு இவை 140க்கும் 155க்கும் இறங்கிவிடலாம். ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். மூடுபனி ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது செலவே இல்லை. பெயர் ஒரே மாதிரி இருக்கிறதே என்று சிலிகான் வகையான டாட் 5ஐ இவற்றோடு கலந்துவிடாதீர்கள்.

டிஸ்க்கைக் கடைந்து எடுப்பதா, புதிது போடுவதா என்று கேட்பார்கள். டிஸ்க்கின் ஓரத்திலோ நடுவிலோ குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். அளந்து பாருங்கள், கடைந்த பிறகும் அந்த அளவுக்கு மேலே நன்றாக மிச்சம் இருந்தால் லேத்துக்குப் போகலாம். ஒட்டி வந்தால் புதிதுதான், மெலிந்த டிஸ்க் சூட்டைத் தாங்காது. பெடல் காலைத் தட்டாமல், வரி வரியாக லேசான கோடு மட்டும் இருந்தால் இரண்டும் வேண்டாம். என் டிஸ்க்கை அப்படியே விட்டேன்.

புதுப் பேடு தடிமனாக இருப்பதால் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும், பழைய பேடை வைத்து சி-கிளாம்ப் போட்டு மெதுவாக இறுக்கினால் போகும். ஆயில் டப்பா நிரம்பி வழிகிறதா என்று பார்த்துக்கொண்டே செய்யுங்கள், சிந்தினால் பெயிண்ட்டைத் தின்றுவிடும். முடித்ததும் வண்டியை அசைப்பதற்கு முன் பெடலை நாலைந்து முறை மிதித்துக் கெட்டியாக்குங்கள். இதை மறந்தால் முதல் மிதி நேராகத் தரைக்குப் போகும்.

புதுப் பேடு டிஸ்க்கோடு பழக வேண்டும். போக்குவரத்து இல்லாத நேரத்தில், ஓரளவு சமமான சாலையில், 50 வேகத்திலிருந்து 10 வரை நிதானமாகக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல், கொஞ்சம் ஆற விட்டு, இப்படிப் பத்துத் தடவை செய்தேன். முதல் நாளே மலை இறக்கிப் பழக்கினால் புதுப் பேடும் பளபளத்துப் போகும். சூடான சக்கரத்தில் பாட்டில் தண்ணீர் ஊற்றுகிற பழக்கமும் சிலருக்கு இருக்கிறது, டிஸ்க் கோணிப்போகும், விரிசல் விடவும் கூடும். நிறுத்தி டீ குடித்தால் தானே ஆறும்.

அப்புறம் மேட்டுப்பாளையம் போய்வந்தேன். கீழே காய்கறி மண்டி நெரிசலில் நின்று நின்று போனதிலும் கீச்சு இல்லை, திரும்பி வந்ததும் ரிம் பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தால் இடதும் வலதும் ஒரே சூடு. மறுநாள் காலை வெளியே எடுத்தபோது முதல் இரண்டு பிரேக்குக்குக் கரகர என்றது, பால் பூத் தாண்டுவதற்குள் அடங்கிவிட்டது. அந்தச் சத்தத்தை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.