அரச ஆஸ்பத்திரி கிளினிக்: டொக்டர் இருக்கிறார், குளிசை இல்லை

எங்கள் பக்கத்து ஆதார வைத்தியசாலையின் மாதாந்தக் கிளினிக்கைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம், 2022இல் இலங்கையின் எந்த அரச ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் ஏறக்குறைய இதே கதைதான். அம்மாவுக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் உண்டு, பொருளாதார நெருக்கடிக்கு முன்பிருந்தே அங்கேதான் காட்டுகிறோம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். காசு கேட்க மாட்டார்கள். டொக்டரைப் பார்க்க, வார்டில் படுக்க, எதற்கும் பில் கிடையாது. டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறி, பாணும் பால்மாவும் கணக்குப் பார்த்து வாங்கிய நாட்களிலும் அது மாறவில்லை. பெற்றோல் இல்லாமல் பாதி நாடு வீட்டில் கிடந்தபோது நர்ஸ்மார் சைக்கிளில் வேலைக்கு வந்தார்கள். வெளியில் தனியாரில் காசு கட்டி, சனல் பண்ணிப் பார்த்தால் கிளினிக் டொக்டர் நாலு வார்த்தைதான் பேசுவார், கிளினிக்கில் அதே டொக்டர் அம்மாவின் காலைத் தூக்கிப் புண் இருக்கிறதா என்று பார்த்தார். நம்பர் எடுக்க விடியவே போய் நிற்க வேண்டும், உட்காரக் கதிரை போதாது, அதெல்லாம் பழைய கதை, விடுங்கள்.

பிரச்சினை மருந்து கொடுக்கும் ஜன்னலில்தான். முன்பு ஒரு மாதத்துக்குக் குளிசை தருவார்கள். 2022இல் கிளினிக் கொப்பியில் டொக்டர் எழுதியதில் பாதிக்கு வட்டம் போட்டு, "இதெல்லாம் வெளியில எடுங்கோ" என்று தள்ளிவிடுவார்கள், இருப்பதையும் இரண்டு கிழமைக்குத்தான் தருவார்கள், பிறகு மிச்சத்துக்குத் திரும்ப வர வேண்டும். வர ஓட்டோ வேண்டும், ஓட்டோவுக்குப் பெற்றோல் வேண்டும், ஓட்டோக்காரரோ பெற்றோல் ஷெட் வரிசையில். இலவசம் என்று வாயால் சொல்கிறோம், செலவு வேறு வாசலால் வந்தது.

ஜன்னலில் இருப்பவரோடு சண்டை பிடித்துப் பயனில்லை. நாட்டுக்குத் தேவையான மருந்தில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இறக்குமதி, ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடனையே கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது, அப்புறம் குளிசைக்கு டொலர் எங்கே? அதற்கு முன்பே, மார்ச்சில், பேராதனை போதனா வைத்தியசாலை மருந்தில்லாமல் முன்கூட்டித் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது. தமிழ்நாட்டிலிருந்து மே மாதம் அரிசி, பால்மாவோடு மருந்தும் கப்பலில் வந்தது. உதவிதான், ஆனால் மாதா மாதம் குளிசை போடும் ஆளுக்கு ஒரு கப்பல் எத்தனை நாளைக்கு?

வெளியில் வாங்கலாம் என்றால் அங்கே விலை ஏறிக்கொண்டே போனது. அரசாங்கத்தின் மருந்துக்கடையான ஒசுசலவில் கொஞ்சம் மலிவு, ஆனால் அது நகரத்தில், அங்கேயும் வரிசை. எங்கள் சந்தியில் இருக்கும் பார்மசியில் ஆட்கள் கார்டை வெட்டி ஐந்து குளிசை, ஆறு குளிசை என்று வாங்கிப் போவதைப் பார்த்தேன். சிலர் பிரஷர் குளிசையை ஒன்றுவிட்ட ஒரு நாள் போட்டார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள், காசு இல்லையென்றால் டொக்டரிடம் நேரே சொன்னால் ஆஸ்பத்திரியில் இருக்கும் வேறு மருந்துக்கு மாற்றித் தருவார், அம்மாவுக்கு அப்படித்தான் மாற்றினார்.

எனக்கு உண்மையில் கோபம் ஒன்றில்தான். எந்த மருந்து இருக்கிறது, எது இல்லை என்று வீட்டிலிருந்தே அறிய வழி கிடையாது. போன் எடுத்தால் அடித்துக்கொண்டே இருக்கும். கொவிட் காலத்தில் கிளினிக் மருந்தைத் தபாலில் வீட்டுக்கே அனுப்பிய அதே அமைப்புதானே இது? வாசலில் ஒரு கரும்பலகை வைத்து இல்லாத மருந்தை எழுதிப் போட என்ன செலவு? சோக்கட்டி கூடவா தட்டுப்பாடு?

டொக்டர், நர்ஸ்மாருக்கு ஐந்துக்கு நாலரை. மருந்து ஜன்னலுக்கு இரண்டு, அதுவும் அங்கே இருக்கும் பிள்ளையின் பொறுமைக்காக. இப்போது நிலைமை எவ்வளவோ பரவாயில்லை, ஒன்றிரண்டு மருந்து மட்டும் சில மாதங்களில் இருக்காது. அனுபவமுள்ள டொக்டர்மார் பலர் வெளிநாடு போய்விட்டதால் புது முகங்கள் அதிகம், பழைய வருத்தத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் போகிறவர்கள் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கங்களைப் போனில் படம் பிடித்து வையுங்கோ, வீட்டில் மிச்சமிருக்கும் குளிசைக் கார்டுகளையும் கையோடு கொண்டுபோங்கோ. அவசரம் என்றால் ஓட்டோ தேடி அலையாமல் 1990க்கு அடியுங்கோ, அம்புலன்ஸ் வரும், அதற்கும் காசில்லை.