காலைச் சுகரை இறக்கும் பொடி: வெள்ளவத்தைப் பக்கம் இருப்பவர்கள் கவனம்

வெறும் வயிற்றில் பார்க்கும் காலைச் சுகர் குறையவில்லையே என்று கவலைப்படுகிற வயதானவர்களைப் பார்த்து வெள்ளவத்தைப் பக்கம் ஒரு பொடி விற்கிறார்கள். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது கடை. முறைப்பாடு கொடுத்திருப்பதால் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் இதே பேச்சைப் பேசி விற்பவர்கள் வேறு இடங்களிலும் இருப்பார்கள் என்பதால் நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

அம்மாவுக்கு எழுபது வயதாகப் போகிறது. பல வருடமாகச் சீனி வருத்தம். மெட்ஃபோர்மின் குளிசை மட்டும்தான். இரவு படுக்கும்போது 130, 140 என்று இருக்கும் சுகர், விடிய எழும்பிப் பார்த்தால் 170க்கு மேலே நிற்கும். இரவு முழுக்க ஒன்றும் சாப்பிடாமல் எப்படி ஏறுகிறது என்பது அவருக்குத் தீராத கவலை. இரவுச் சாப்பாட்டை விட்டும் பார்த்தார், இறங்கவில்லை. கோயிலில் பழக்கமான ஒருவர் சொல்லித்தான் அந்தக் கடைக்குப் போயிருக்கிறார்.

கடைக்காரர் சொன்னது இது: "அம்மா, இரவில ஈரலில கழிவு தேங்குது. அதாலதான் விடிய சுகர் ஏறுது. இங்கிலீஷ் குளிசை அந்தக் கழிவை இன்னும் கூட்டும். அதை நிப்பாட்டிப்போட்டு, படுக்க முதல் இதில ஒரு கரண்டி சுடுதண்ணியில கலந்து குடியுங்கோ."

ஒரு பைக்கு ஒன்பதாயிரம் ரூபா. பில் இல்லை. பையில் "சுகர்" என்று பேனாவால் எழுதியிருந்தது, அவ்வளவுதான். செய்தவர் பெயரோ, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதோ, தொகுதி இலக்கமோ, காலாவதித் திகதியோ எதுவும் கிடையாது.

பொடி வேலை செய்தது. மெட்ஃபோர்மினை நிறுத்திய பிறகும் காலைச் சுகர் 100க்குக் கீழே வந்தது. அம்மாவுக்குப் பெரிய சந்தோஷம், மாமிக்கும் வாங்கிக் கொடுக்கப் பார்த்தார். ஆனால் அதே நாட்களில்தான் விடிய எழும்பும்போது தலையிடி, தலையணை நனைகிற அளவுக்கு வியர்வை, கெட்ட கனவு எல்லாம் தொடங்கின. கடைக்காரரிடம் ஃபோனில் கேட்டதற்கு "கழிவு வெளியேறுது, பயப்பட வேண்டாம்" என்றாராம். இந்தப் பதிலை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. இரவு வியர்வையும் காலைத் தலையிடியும் தூக்கத்தில் சுகர் தாழ்ந்து போவதன் அடையாளங்கள். சீனி வருத்தத்துக்கு மருந்து விற்கிறவருக்கு அது தெரியாமல் இருக்கக் கூடாது.

ஒரு நாள் நடுச்சாமம் தாண்டி அம்மா எழும்பி, என்னை அடையாளம் தெரியாமல் ஏதோ பேசினார். உடம்பு குளிர்ந்து வியர்த்திருந்தது. மீட்டர் 46 காட்டியது. 70க்குக் கீழே போனாலே தாழ்வு, 54க்குக் கீழே ஆபத்து. விழுங்கக்கூடிய நிலையில் இருந்ததால் சீனி கரைத்த தண்ணீர் கொடுத்துவிட்டு 1990க்கு எடுத்தோம். சுவ செரிய அம்புலன்ஸ் பிள்ளைகள் வந்து நிதானமாகப் பார்த்துக் கொண்டுபோனார்கள், அவர்களுக்கு என் நன்றி. (நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.)

ஆஸ்பத்திரியில் ஏற்றியபின்னும் சுகர் திரும்பத் திரும்ப இறங்கியது. டொக்டர் முதலில் கேட்டது, "கிளிபென்கிளமைட் மாதிரி ஏதாவது குளிசை குடிக்கிறாரா?" என்றுதான். இல்லை என்றோம். மெட்ஃபோர்மின் தனியாக இப்படி இறக்குவது மிக அரிது, அதையும் அம்மா நிறுத்தியிருந்தார். கிளிபென்கிளமைட் வகைக் குளிசைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. சாப்பிடாமல் இருந்தாலும் சுரப்பு நிற்காது. வயதானவர்களுக்கு, அதிலும் சிறுநீரகம் தளர்ந்திருந்தால், ஒரு நாளுக்கு மேலும் சுகரை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் அம்மாவை வீட்டுக்கு விடாமல் வைத்துப் பார்த்தார்கள்.

பொடியைச் சோதித்த முடிவு இன்னும் வரவில்லை. ஆகவே அதற்குள் இன்னது இருந்தது என்று நான் எழுத மாட்டேன். ஆனால் மூலிகை என்ற பெயரில் கிளிபென்கிளமைட்டைக் கலப்பது புதிய விஷயம் இல்லை. 2008இல் சிங்கப்பூரில் சீனி வருத்தமே இல்லாத 150 பேர் சுகர் தாழ்ந்து ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள், நான்கு பேர் இறந்தார்கள். ஆண்மைக்கு என்று விற்ற மருந்துகளில் அது கலந்திருந்தது.

நாட்டு மருந்து எல்லாம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. சிங்களத்தில் கொத்தல ஹிம்புட்டு என்கிற கடலழிஞ்சிலை எங்கள் ஊரில் எத்தனையோ பேர் பாவிக்கிறார்கள். அது குடலில் மாச்சத்து உடைவதைத் தாமதிக்க வைப்பது. சாப்பாட்டோடு சேர்ந்து செய்கிற வேலை அது. சாப்பிட்டுப் பல மணித்தியாலம் கழித்து, சாமத்தில் சுகரை 46க்குத் தள்ளுவதற்கு வேறு ஏதோ வேண்டும். ஆயுர்வேதம்தான் வேண்டுமென்றால் பொறளையில் அரசாங்க ஆயுர்வேத ஆஸ்பத்திரி இருக்கிறது, பதிவு பெற்ற வைத்தியர்கள் இருக்கிறார்கள். என்னென்ன குளிசை குடிக்கிறீர்கள் என்பதை மட்டும் அவர்களிடம் மறைக்க வேண்டாம்.

அப்புறம், அம்மாவின் காலைச் சுகர் ஏன் ஏறியது? சாமம் மூன்று மணியிலிருந்து விடியும் வரை கோர்ட்டிசோல், வளர்ச்சி ஹோர்மோன் போன்றவை கூடும். எழும்பி வேலை செய்ய உடம்பு தயாராகிற நேரம் அது. அவை சொல்ல, ஈரல் தன்னிடம் உள்ள சர்க்கரையை இரத்தத்தில் விடும். எல்லோருக்கும் இது நடக்கும். மற்றவர்களுக்கு இன்சுலின் அதைச் சமாளித்துவிடும், சீனி வருத்தக்காரருக்கு முடிவதில்லை. கழிவு என்று ஒன்று அங்கே இல்லை.

சில நாள் படுக்க முதல், சாமம் மூன்று மணிக்கு, எழும்பியவுடன் என மூன்று தடவை பார்க்கச் சொன்னார் கிளினிக் டொக்டர். மூன்று மணிக்குத் தாழ்ந்திருந்தால் மருந்து கூடிவிட்டது என்று அர்த்தம். அம்மாவுக்குப் பொடி இல்லாத நாட்களில் மூன்று மணிக்கு அளவாக இருந்து அதன் பிறகுதான் ஏறியது. மெட்ஃபோர்மினை இரவுச் சாப்பாட்டோடு குடிக்கும்படி மாற்றினார். ஒன்பதரைக்குச் சாப்பிட்ட இடியப்பமும் சொதியும் இப்போது ஏழு மணிக்கு, அளவு குறைத்து. சாப்பிட்ட பிறகு மரைன் டிரைவில் மெல்ல ஒரு நடை. இப்போது காலையில் 130க்குப் பக்கத்தில் நிற்கிறது. அவருடைய வயதுக்கு அதற்கு மேல் இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை என்கிறார் டொக்டர்.

கடைக்குப் போய்க் கேட்டேன். "இறங்கினது என்றால் மருந்து நல்லா வேலை செய்யுது" என்றார். காசு திருப்பித் தரவில்லை, பொடியில் என்ன இருக்கிறது என்றும் சொல்லவில்லை. நான் நிற்கும்போதே இன்னொரு வயதானவர் அதே பையை வாங்கிக்கொண்டு போனார். வெளியே வந்து அவரிடம் பேசினேன், கேட்டாரோ தெரியவில்லை.

உங்கள் வீட்டில் இந்தப் பை இருந்தால் குடிப்பதை நிறுத்துங்கள், ஆனால் வீசிவிடாதீர்கள். பையோடு டொக்டரிடம் போங்கள். நிறுத்திய குளிசையை எப்படித் திரும்பத் தொடங்குவது என்பதையும் அவரே சொல்லட்டும். முறைப்பாட்டுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977. மீதிப் பொடியும், எப்போது வாங்கினீர்கள் என்ற விபரமும் கையில் இருந்தால் நல்லது.