சினை பார்க்காமல் பருவ ஊசி: 4,800 ரூபாயும் போச்சு, கன்றும் போச்சு

மாடு வளர்ப்பவர்களுக்கான ஒரு செயலியில், ‘பருவத்துக்கு வராத மாட்டுக்கு ஹார்மோன் சிகிச்சை, வீட்டுக்கே வருகிறோம், சினை உறுதி’ என்று போட்டிருந்தார்கள். 4,800 ரூபாய் முன்கூட்டியே கட்டினேன். இதுபோல் சிக்காமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

வந்தவன் மாட்டின் கழுத்தைச் சொறிந்துவிட்டு, தீவனம், தாது உப்பு எல்லாம் விசாரித்தான். விஷயம் தெரிந்த பையன் என்று நம்பிவிட்டேன். ரெண்டரை மாசம் முன்னால் சினை ஊசி போட்டது, நடுவில் ஒருநாள் பருவத்துக்கு வந்த மாடுபோல் கத்தினாற்போல் இருந்தது, கைவிட்டுச் சினை பார்த்துவிட்டுப் போடுங்கள் என்று தெளிவாகச் சொன்னேன். “கத்துச்சுன்னாலே சினை நிக்கலக்கா” என்றான். சினை மாட்டிலும் சிலது கத்தும்! கையுறையைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

போட்டது புரோஸ்டாகிளாண்டின் என்ற ஹார்மோன். சினைப்படாத மாட்டில் 21 நாள் சுழற்சியின் 17ஆம் நாள் வாக்கில் கருப்பையே இதைச் சுரந்து, சூலகத்தில் இருக்கும் கார்பஸ் லூட்டியம் என்ற மஞ்சள் கட்டியைக் கரைக்கும். அந்தக் கட்டி சுரக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் இறங்கும், பருவத்தைத் தூண்டும் ஈஸ்ட்ரோஜன் ஏறும், மாடு பருவத்துக்கு வரும். சினை மாட்டிலோ முதல் ஐந்து மாதம் கன்றைத் தாங்குவதே அந்தக் கட்டி சுரக்கும் புரோஜெஸ்டிரோன்தான். அதைக் கரைத்தால் என்ன ஆகும்?

இன்று விடியற்காலை முக்கி முக்கிக் கன்று வீசிவிட்டது. எலி அளவு. குளம்பு பிரிந்து தெரிந்தது.

போன் போட்டால் முதலில் “உடம்புச் சூடுங்க” என்றார்கள். அப்புறம் அந்தப் பையன் எங்கள் ஆளே இல்லை என்றார்கள். அப்படியானால் 4,800 ரூபாயை யார் வாங்கினது? செயலியில் புகார் கொடுத்தேன், மத்தியானமே ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிவிட்டார்கள். 4,800 ரூபாயில் ஒரு பைசா திரும்பவில்லை.

விவரமாக எழுதக் கை ஓடவில்லை. சினை பார்க்காமல் யாரையும் பருவ ஊசி போட விடாதீர்கள். பருவம் முடிந்த முதல் ஐந்து நாள் இந்த ஊசி வேலையே செய்யாது, அப்போது போட வந்தாலும் காசு பிடுங்கத்தான். கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கான 1962 என்ற எண்ணுக்கு அடியுங்கள். இன்னொன்று, இந்த மருந்து தோலில் பட்டாலே கர்ப்பிணிகளுக்கும் ஆஸ்துமாக்காரர்களுக்கும் ஆபத்தாம். காலிக் குப்பியைத் தண்ணீர்த் தொட்டியோரம் வீசிவிட்டுப் போயிருக்கிறான், படுபாவி.