கோல்ஃப் மைதானம்: கிரீன் அருமை, கொடிக்கம்பம்தான் படுத்துகிறது (3/5)

கிரீனில், அதாவது குழியைச் சுற்றியுள்ள புல்தரையில், புல் பராமரிப்புக்கு முழு மார்க். ஆடுபவரின் மட்டைப் பையைச் சுமந்து உதவும் கேடிகளும் (caddie) தொழில் தெரிந்தவர்கள். என் புகாரெல்லாம் குழியில் நிற்கும் கொடிக்கம்பத்தைப் பற்றித்தான். 2019 ஜனவரியில் விதி மாறியதிலிருந்து கம்பத்தை எடுக்காமலே பட் செய்யலாம் (கிரீனில் பந்தைக் குழியை நோக்கி உருட்டலாம்), பந்து அதில் பட்டாலும் அபராதம் இல்லை. முன்பெல்லாம் அப்படிப் பட்டால் அபராதமாக இரண்டு ஸ்ட்ரோக் (அடி) போய்விடும். சரி, நேரம் மிச்சம். ஆனால் கம்பம் நேராக நிற்க வேண்டாமா? இங்கே பல குழிகளில் கம்பத்தை அடியில் தாங்கும் கப் தேய்ந்துபோய், கம்பம் நம் பக்கமாகவே சாய்ந்து நிற்கிறது, நாலேகால் அங்குலக் குழியில் பந்து நுழையக்கூட இடம் விடாமல். நடுவில் நிமிர்த்தி வைத்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது, நிமிர்த்தினால் மறுபடி சாய்கிறது! பந்து கம்பத்தோடு ஒட்டி நின்றுவிட்டால் அது குழியில் விழுந்த கணக்கா என்று தெரிய, பந்தில் கொஞ்சமாவது தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிறதா என்று ஆளாளுக்குக் குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது, அதற்குள் பின்னால் வரும் குழு முறைக்க ஆரம்பித்துவிடுகிறது.

அப்புறம் கேடிகள் யாரையும் கேட்காமலே கம்பத்தை உருவி கிரீன் மேல் தொப்பென்று போடுகிறார்கள். ஆடப்போகிறவரிடம் "இருக்கட்டுமா, எடுக்கட்டுமா" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, எடுத்தால் ஓரமாக மெதுவாக வைப்பதுதானே மரியாதை? கட்டணம் நியாயம்தான். வார நாளில் போங்கள், கூட்டம் குறைவு.